‘ஜஸ்ட்’ என்ற சொல்லும், டர்பனில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் எப்போது என்ற கேள்வியும்

பிப்ரவரி 5

கேள்வி இது: “கோயில் சுதை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து டர்பனுக்கு வந்திருக்கிறேன். ‘ஜஸ்ட் நவ்’ என்றால் ‘இப்போதுதான்’ என்று பள்ளியில் படித்தவன் நான். இங்கே சிமெண்டுக் கடைக்காரர் ‘ஐ வில் செண்ட் இட் ஜஸ்ட் நவ்’ என்றார். கலவை போடும் ஆட்களை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூட்டைகள் மாலையில் வந்து சேர்ந்தன. அவர் பொய் சொன்னாரா, எனக்கு ஆங்கிலம் தெரியவில்லையா? இந்த ‘ஜஸ்ட்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்தான் இருக்கிறது?”

பிப்ரவரி 5, இரவு

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, தம்பி. நீங்கள் படித்ததும் தவறில்லை. தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இனிமேல் செய்யப்போகும் காரியத்தோடு ‘ஜஸ்ட் நவ்’ என்பதைச் சேர்த்தால், ‘பிறகு, கையில் உள்ள வேலை முடிந்தபின்’ என்று பொருள். அந்தப் ‘பிறகு’ அரை மணியாகவும் இருக்கலாம், அரை நாளாகவும் இருக்கலாம். சொல்பவர் அதை அளந்து சொல்வதில்லை, கேட்பவரும் அளந்து கேட்பதில்லை. ‘நவ் நவ்’ என்று இரட்டித்துச் சொன்னால் அதைவிட விரைவு, ஆனால் அதுவும் உடனே அன்று. வெறும் ‘நவ்’ கூட இங்கே சற்று நெகிழ்ந்தே நிற்கும். உடனடியாக வேண்டுமானால் ‘ரைட் நவ்’ என்று கேட்க வேண்டும். சிமெண்டு விஷயத்தில் மணியைச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது.

வினைச்சொல்லின் காலத்தைக் கவனித்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ‘ஐ சா ஹிம் ஜஸ்ட் நவ்’ என்று இறந்தகாலத்தில் வந்தால், நீங்கள் படித்த அதே பொருள்தான்: ‘அவரை இப்போதுதான் பார்த்தேன்’. ‘ஐ வில் கால் யூ ஜஸ்ட் நவ்’ என்று எதிர்காலத்தில் வந்தால் ‘பிறகு அழைக்கிறேன்’. ஒரே தொடர் பின்னாலும் பார்க்கிறது, முன்னாலும் பார்க்கிறது. டச்சு மொழியிலிருந்து கிளைத்து இங்கே பேசப்படும் ஆப்பிரிகான்ஸ் மொழியில் ‘நெட்நௌ’ என்று ஒரு சொல் உண்டு. அதில் ‘நெட்’ என்பது ஜஸ்ட், ‘நௌ’ என்பது நவ். அந்தச் சொல்லும் ‘சற்று முன்’ என்றும் ‘சற்றுப் பின்’ என்றும் இரண்டு பக்கமும் பொருள் தரும். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தின் இந்த வழக்கை அந்தச் சொல்லோடு சேர்த்தே விளக்குகிறார்கள். ‘நவ் நவ்’ என்பதற்கும் ஆப்பிரிகான்ஸில் ‘நௌ-நௌ’ என்ற இணை இருக்கிறது.

எத்தனை பொருள் என்ற கேள்விக்கு நாளை வருகிறேன். அந்த ‘நாளை’ தமிழ் நாளைதான்.

பிப்ரவரி 6

அகராதியைத் திறந்தால் ‘ஜஸ்ட்’ என்பதன் கீழ் ஒரு பெரிய பட்டியல் வரும்: இப்போதுதான், மட்டும், சரியாக, மயிரிழையில், வெறுமனே, கொஞ்சம், நியாயமான. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் எங்கள் மாலை வகுப்பில் பேசும்போது திணறுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் பேசும் நேரத்தில் ஏழில் எது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. நான் சொல்வது வேறு. ‘நியாயமான’ என்பதைத் தனியே எடுத்து வைத்துவிட்டால், மற்றவை எல்லாவற்றிலும் ஒரே செயல்தான் நடக்கிறது: இடைவெளியும் மிகுதியும் இல்லை என்று அந்தச் சொல் காட்டுகிறது. காலத்தோடு சேர்ந்தால் காலத்தில் இடைவெளி இல்லை. அளவோடு சேர்ந்தால் அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஒப்புமையோடு சேர்ந்தால் இம்மியும் வேறுபாடு இல்லை.

‘ஹி ஹஸ் ஜஸ்ட் லெஃப்ட்’ என்றால் அவர் போனதற்கும் நாம் பேசுவதற்கும் நடுவே நேரம் இல்லை. ‘ஜஸ்ட் டூ டீஸ், ப்ளீஸ்’ என்றால் இரண்டு தேநீருக்குமேல் வேண்டாம். ‘ஷி இஸ் ஜஸ்ட் லைக் ஹெர் மதர்’ என்றால் அம்மாவை உரித்து வைத்தது போல இருக்கிறாள். ‘ஐ ஜஸ்ட் காட் த டாக்ஸி’ என்றால் டாக்சி கிளம்புவதற்கும் நான் ஏறுவதற்கும் நடுவே மயிரிழை அளவே இருந்தது. ‘த ஷாப் இஸ் ஜஸ்ட் பிஃபோர் த ரோபோ’ என்றால் கடைக்கும் போக்குவரத்து விளக்குக்கும் நடுவே தூரம் இல்லை. (புதிதாக வந்தவர்களுக்கு: இங்கே போக்குவரத்து விளக்கின் பெயர் ரோபோ. வழிகேட்டபோது ‘ரோபோவில் இடப்பக்கம் திரும்பு’ என்று சொல்லப்பட்டு, இயந்திர மனிதனைத் தேடியவர்கள் நம்மில் பலர்.) ‘ஜஸ்ட் அண்டர் சிக்ஸ்டி ராண்ட்’ என்றால் விலை அறுபது ராண்டுக்கு (இந்நாட்டு நாணயம்) மிகச் சற்றே கீழே.

இப்படிப் பார்த்தால் ‘பொருள் என்ன’ என்று கேட்பதைவிட, அது எந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

“இதெல்லாம் எதற்கு, தமிழில் ‘-தான்’ என்று ஒன்று இருக்கிறதே, அதை ஜஸ்ட் என்று எடுத்துக்கொண்டால் போதாதா” என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா ஒருவர் கேட்கிறார். பாதி போதும். ‘இப்போதுதான் வந்தான்’, ‘அதேதான்’, ‘இரண்டுதான்’ ஆகிய மூன்றிலும் ஜஸ்ட் அழகாகப் பொருந்தும். ஆனால் ‘நீதான் கதவைத் திறந்துவிட்டாய்’ என்பதில் உள்ள ‘தான்’ ஆளைச் சுட்டி உறுதிசெய்வது. அங்கே ஜஸ்ட் வராது, ‘இட் வாஸ் யூ ஹூ…’ என்று வாக்கியத்தையே திருப்பிக் கட்ட வேண்டும். ‘அங்கேதான் இருக்கிறது’ என்பதற்கு நம்மவர்கள் ‘இட் இஸ் தேர் ஒன்லி’ என்று கடைசியில் ஒன்லியை ஒட்டவைப்பார்கள். இது இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்களிடம் மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து நம் மக்களை இங்கே இறக்கியதற்குப் பிந்தைய தலைமுறைகள் ஆங்கிலத்துக்கு மாறியபோது, பழைய மொழிகளின் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதை ராஜேந்த் மெஸ்திரி என்ற கேப் டவுன் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆகவே டர்பனில் நம் மக்கள் நிறைந்து வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியின் கடைத்தெருவில் அந்த ஒன்லி காதில் விழுந்தால் சிரிக்காதீர்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் மட்டும் எழுதாதீர்கள்.

‘ஜஸ்ட் ஒன்லி’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது வேண்டாம். ‘ஒன்லி ஜஸ்ட்’ என்பது வேறு, அது நல்ல ஆங்கிலம்: ‘ஐ ஒன்லி ஜஸ்ட் பாஸ்ட்’ என்றால் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தப்பித் தேறினேன்.

பிப்ரவரி 9

இதுவரை சொன்னவற்றைவிட முக்கியமானது ‘நாட்’ என்பதற்கு முன்னா பின்னா என்ற கேள்வி. எந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன் அல்லவா, அந்தப் பார்வை இங்கேதான் வாழ்வா சாவா என்று ஆகிறது.

எங்கள் வகுப்பில் இருந்த ஓர் அர்ச்சகரை ஒரு குடும்பத்தார் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். அழைத்தவர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், தமிழ் பேச வராது. மேசையில் ஆட்டிறைச்சிக் குழம்பு வந்திருக்கிறது. ‘என்னால் இறைச்சி சாப்பிடவே முடியாது’ என்று அவர் சொல்ல நினைத்தார். அதற்கு ‘ஐ ஜஸ்ட் கான்ட் ஈட் மீட்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் வாயில் வந்தது ‘ஐ கான்ட் ஜஸ்ட் ஈட் மீட்’. அதன் பொருள் ‘வெறும் இறைச்சியை மட்டும் என்னால் சாப்பிட முடியாது’ என்பது. வீட்டம்மா உடனே எழுந்து போய்ச் சோறும் ரொட்டியும் கொண்டுவந்து குழம்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஜஸ்ட் முன்னால் வந்தால் மறுப்பு முழுவதையும் அது இறுக்கிப் பிடிக்கிறது: ‘முடியவே முடியாது’. ஜஸ்ட் பின்னால் வந்தால் மறுப்பு ஜஸ்ட் மேல் விழுகிறது: ‘அது மட்டும் போதாது’, அல்லது ‘அப்படிச் சும்மா செய்துவிட முடியாது’. இதே கணக்குதான் ‘ஜஸ்ட் நாட்’ என்பதற்கும் ‘நாட் ஜஸ்ட்’ என்பதற்கும். ‘ஹி இஸ் ஜஸ்ட் நாட் அ ப்ரீஸ்ட்’ என்றால் அவர் அர்ச்சகரே அல்லர் என்று அடித்துச் சொல்வதாகிவிடும்; ‘ஹி இஸ் நாட் ஜஸ்ட் அ ப்ரீஸ்ட்’ என்றால் அவர் அர்ச்சகர் மட்டும் அல்லர், வேறு திறமையும் உண்டு என்று புகழ்வது. ஒருவரை மேடையில் அறிமுகப்படுத்தும்போது இந்த இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

‘யூ கான்ட் ஜஸ்ட் வாக் இன்’ என்று காவலாளி சொன்னால், நடக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் நுழையக்கூடாது என்கிறார். பெயர்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் உள்ளே விடுவார்.

பிப்ரவரி 10

மேலே ‘சும்மா’ என்று எழுதிய கையோடு அதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஏன் வந்தாய்?’ ‘சும்மா.’ இந்தச் சும்மாவுக்கு ‘ஜஸ்ட் லைக் தட்’ என்று நாம் சொல்வது இந்தியாவில் செல்லும். இங்கே ‘ஜஸ்ட் லைக் தட்’ என்றால் ‘சட்டென்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல்’ என்று புரிந்துகொள்வார்கள்: ‘ஹி ரிசைண்ட், ஜஸ்ட் லைக் தட்’. சும்மா வந்தேன் என்பதற்கு ‘ஜஸ்ட் விசிட்டிங்’ என்றோ ‘நோ ரீசன்’ என்றோ சொன்னால் போதும்.

பிப்ரவரி 14

“ஜஸ்ட் சைன் ஹியர்” என்று ஓர் அலுவலகத்தில் தன்னிடம் சொன்னார்கள், ‘இங்கே மட்டும் கையெழுத்துப் போடு’ என்று நினைத்து மற்றப் பக்கங்களை விட்டுவிட்டதாகவும் அவர்கள் மறுபடி அழைத்ததாகவும் ஒரு செவிலியர் அம்மா எழுதியிருக்கிறார். ஏவலோடு வரும் ஜஸ்ட் பெரும்பாலும் ‘மட்டும்’ அன்று. அது நம் ‘கொஞ்சம்’. ‘கொஞ்சம் இங்கே வாருங்கள்’ என்று சொல்லும்போது பாதித் தூரம் வந்தால் போதும் என்றா சொல்கிறோம்? ‘உங்களுக்குப் பெரிய சிரமம் தரவில்லை, சின்ன வேலைதான்’ என்று காட்டிக் கட்டளையை இளக்குகிறோம். ‘ஜஸ்ட் சைன் ஹியர்’, ‘ஜஸ்ட் அ மினிட்’, ‘குட் யூ ஜஸ்ட் ஹோல்ட் திஸ்’ எல்லாம் அந்த வகை. ‘ஜஸ்ட் அ மினிட்’ என்பதில் உள்ள நிமிடம் அறுபது நொடி அன்று என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

‘ஐ ஜஸ்ட் வாண்டட் டு ஆஸ்க்’ என்று தொடங்குவதும் இதே இளக்கம்தான்; வினை இறந்தகாலத்தில் இருப்பதும் அதற்காகவே. ‘ஜஸ்ட் செக்கிங்’ என்று மின்னஞ்சல் வந்தால், ‘நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை’ என்று அதை மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலக மின்னஞ்சலில் ஜஸ்ட் போடாதே, போட்டால் தன்னம்பிக்கை இல்லாதவர் போல் தோன்றும் என்று அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. வகுப்பில் நானும் அதைச் சொல்லிப் பார்த்ததுண்டு. இப்போது எனக்கு அதில் அத்தனை பிடிப்பு இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தலாம், ஏனென்றால் அவர்கள் பத்து விதமாகப் பணிவைக் காட்டத் தெரிந்தவர்கள். நம்மவர்களில் பலருக்கு ப்ளீஸ், ஜஸ்ட் என்ற இரண்டுதான் கையில் இருக்கின்றன. அதில் ஒன்றையும் பிடுங்கிவிட்டால், ‘ஐ வாண்ட் டு ஆஸ்க்’, ‘சைன் ஹியர்’ என்று மிஞ்சுவது அதட்டலாக விழுகிறது. தமிழில் ‘உங்கள்’, ‘வாருங்கள்’ என்று விகுதியிலேயே மரியாதையை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த மரியாதை விகுதியோடு விடுபட்டுப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஜஸ்ட் உதவுமானால் உதவட்டும். ஒரு கடிதத்தில் ஒரு முறை போதும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 15

மேலே சொன்ன ‘கொஞ்சம்’ எல்லா ஏவலுக்கும் பொருந்தாது. ‘ஜஸ்ட் ஸ்டாப் இட்!’ என்பதில் இளக்கம் எதுவும் இல்லை. ‘மறுபேச்சில்லாமல் நிறுத்து’ என்பதே அது. ‘ஜஸ்ட் யூ வெயிட்’ என்பது நம் ‘இரு, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்’. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், குரலில்தான் வேறுபாடு.

பிப்ரவரி 21

தொடங்கிய இடத்துக்கே வேறொருவர் இழுக்கிறார். “ஜஸ்ட் நவ் என்று சொல்லிவிட்டு மாலையில் வருவது இந்த நாட்டுச் சோம்பல், அதற்கு மொழியியல் விளக்கம் கொடுத்து நியாயப்படுத்த வேண்டாம்” என்பது அவர் வாதம்.

சோம்பலைப் பற்றிப் பேசுமுன் நம் வீட்டைப் பார்க்கலாம், ஐயா. ‘இதோ வந்துட்டேன்’ என்று தொலைபேசியில் சொல்லும் தமிழர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்? பெரும்பாலும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்க்கொண்டிருக்கிறார். வராததற்கு இறந்தகாலத்தையே போட்டுவிடுகிறோம். ‘ஜஸ்ட் நவ்’ சொல்பவராவது எதிர்காலத்தோடு நிறுத்திக்கொள்கிறார். ‘இதோ’ என்ற சுட்டு கையெட்டும் தூரத்தில் உள்ளதைக் காட்டுவது. அது எப்போதிலிருந்து பேருந்து எட்டும் தூரத்தைக் காட்டத் தொடங்கியது?

உடனடி என்ற பொருளோடு பிறக்கும் சொற்கள் காலப்போக்கில் தளர்ந்துபோவது ஆங்கிலத்தின் உள்ளேயே பலமுறை நடந்திருக்கிறது. ‘சூன்’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’ என்று பொருள்பட்டது. இன்று அது ‘விரைவில்’, அதுவும் அரசியல்வாதியின் வாயில் வந்தால் எப்போதென்று தெரியாத விரைவில். ‘ப்ரெசன்ட்லி’ என்பதும் ‘இக்கணமே’ என்ற நிலையிலிருந்து ‘சற்று நேரத்தில்’ என்று இறங்கியது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், யோவான் ஸ்நானகன் என்ற தீர்க்கதரிசியின் தலையைத் தட்டில் வைத்துத் தரும்படி ஏரோது அரசனிடம் ஒரு பெண் கேட்கும் இடத்தில் ‘பை அண்ட் பை’ என்று வருகிறது. அங்கே அதற்கு ‘இப்பொழுதே’ என்று பொருள். இன்று ‘பை அண்ட் பை’ என்று கேட்டால் ஏரோது அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று இருந்துவிடுவான். எல்லோரும் உடனே என்று சொல்லிவிட்டுத் தாமதமாகச் செய்வதால் சொல் தாமதத்தின் பக்கம் சாய்கிறது. இது எந்த நாட்டாருக்கும் தனி உடைமை அன்று.

இரட்டிப்பதைப் பற்றி ஒன்று. சுலு மொழியில் ‘மான்ஜே’ என்றால் இப்போது. ‘மான்ஜே மான்ஜே’ என்று இரட்டித்தால் விரைவு கூடும். தமிழிலும் ‘சீக்கிரம் சீக்கிரம்’, ‘உடனே உடனே’ என்று இரட்டித்தால் அழுத்தம் கூடுகிறது. அந்தக் காதோடு கேட்பதால்தான் நம்மவர்கள் ‘நவ் நவ்’ என்பதை ‘இந்த நொடியே’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அத்தனை விரைவில்லை என்று முதல் நாளே எழுதினேன். தேநீர்த் தண்ணீர் கொதிக்கும் நேரம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

பக்கத்து வீட்டு ஆயாவிடம் இதைக் கேட்டேன். இங்கேயே பிறந்தவர், தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். ‘ஜஸ்ட் நவ்’ என்பதற்கும் ‘லேட்டர்’ என்பதற்கும் என்ன வேறுபாடு என்றேன். ‘லேட்டர்’ என்று சொன்னால் மறந்துவிடுவேன், ‘ஜஸ்ட் நவ்’ என்று சொன்னால் மறக்க மாட்டேன் என்றார். எந்த அகராதியிலும் இத்தனை தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. சிமெண்டும் அன்றே வந்து சேர்ந்தது அல்லவா?

பிப்ரவரி 27

தனியே எடுத்து வைத்த ‘நியாயமான’ என்ற பொருளுக்கு வரவேண்டிய நேரம். பிரிட்டோரியாவில் கணினி வேலை செய்யும் தம்பி ஒருவர் செய்தியில் ‘ஜஸ்ட் எனர்ஜி டிரான்சிஷன்’ என்று பார்த்துவிட்டு, ‘வெறும் மின்சார மாற்றத்துக்கா 850 கோடி டாலர்?’ என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, தவறான ஜஸ்ட்.

2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டில் பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர் திரட்டித் தருவதாக அறிவித்தன. பெரும்பகுதி கடனாக வரும் பணம். நிலக்கரியிலிருந்து வேறு மின்சாரத்துக்கு மாறும்போது, ம்புமலாங்கா மாநிலத்தின் சுரங்கங்களையும் மின்நிலையங்களையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் தெருவில் நிற்காதபடி மாற வேண்டும் என்பதுதான் அந்த ‘ஜஸ்ட்’ என்பதன் பொருள். அந்த மாநிலத்தில் உள்ள கோமாட்டி மின்நிலையம் 2022 அக்டோபரில் மூடப்பட்டபோது இந்தச் சொற்றொடர் செய்திகளில் நாள்தோறும் அடிபட்டது. மாற்றம் நியாயமாக நடந்ததா, வெறும் மாற்றமாக முடிந்ததா என்ற விவாதத்தில் இரண்டு ஜஸ்டுகளும் மோதிக்கொள்கின்றன. அது வேறு பேச்சு.

இந்த ஜஸ்ட் பெயரடை. லத்தீனில் ‘யூஸ்’ என்றால் சட்டம், உரிமை. அதிலிருந்து ‘யூஸ்துஸ்’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ஜஸ்ட்’. ஜஸ்டிஸ், ஜூரி, இஞ்சுரி எல்லாம் அந்தக் குடும்பம். காயத்தைக் குறிக்கும் இஞ்சுரி முதலில் ‘உரிமைக்கு மாறான செயல்’ என்றே பொருள்பட்டது. நாம் நாள்தோறும் சொல்லும் ‘அட்ஜஸ்ட்’ இந்தக் குடும்பத்தில் பிறந்ததன்று. ‘அருகே’ என்று பொருள்படும் ‘யுக்ஸ்தா’ என்ற லத்தீன் சொல்லின் வழியில் ‘சேர்த்து வைப்பது’ என்று வந்து, பிறகுதான் ஜஸ்ட்டின் சாயலை ஏற்றுக்கொண்டது. பேருந்து இருக்கையில் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்று நெருங்கி உட்காரச் சொல்லும் தமிழர், தன்னை அறியாமலே அந்தப் பழைய பொருளைக் காப்பாற்றி வருகிறார்.

எப்படிப் பிரித்தறிவது? ‘ஃபேர்’ என்று மாற்றிப் பாருங்கள். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 33ஆம் பிரிவுக்கு ‘ஜஸ்ட் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஆக்‌ஷன்’ என்று தலைப்பு. ‘ஃபேர்’ என்று மாற்றினால் பொருள் நிற்கிறது, எனவே அது பெயரடை. அரசு அலுவலகம் உங்கள் விண்ணப்பத்தைக் காரணம் சொல்லாமல் தள்ளிவிட்டால், எழுத்தில் காரணம் கேட்கும் உரிமையை உங்களுக்குத் தருவது இந்தப் பிரிவுதான், ஆகவே தலைப்பை ‘வெறும் நிர்வாக நடவடிக்கை’ என்று படித்துவிட்டுக் கடந்து போக வேண்டாம். நீதிமன்றம் ‘ஜஸ்ட் அண்ட் ஈக்விட்டபிள்’ ஆன ஆணையை இடலாம் என்று 172ஆம் பிரிவு சொல்வதும் இதே ஜஸ்ட்தான். ‘ஹி ஹஸ் ஜஸ்ட் லெஃப்ட்’ என்பதில் ஃபேர் போட்டுப் பாருங்கள், வாக்கியமே உடைந்துவிடும். ‘அன்ஜஸ்ட்’, ‘ஜஸ்ட்லி’, ‘மோர் ஜஸ்ட்’ ஆகியவை பெயரடைக்கு மட்டுமே உண்டு.

பிப்ரவரி 28

ஒலிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நாம் ‘ஜஸ்ட்டு’ என்று கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டுகிறோம். வல்லின மெய்யில் சொல்லை முடிக்கத் தமிழ் விடாது, அதனால் வரும் பழக்கம். இங்கே எதிர்த்திசையில் நடக்கிறது: அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் ‘ட்’ விழுந்துவிடும். ‘ஜஸ் நவ்’, ‘ஜஸ் லைக்’. உயிரில் தொடங்கினால் ‘ட்’ திரும்பி வந்து அதோடு ஒட்டிக்கொள்ளும்: ‘ஜஸ்டெ மினிட்’. வேகமாகப் பேசும்போது உயிரும் தேய்ந்து ‘ஜெஸ்’ என்பதுபோலக் கேட்கும். ஆனால் நியாயம் என்ற பொருளில் வரும் ஜஸ்ட் இப்படித் தேய்வதில்லை, எப்போதும் முழுதாக ஒலிக்கும். காதாலேயே இரண்டையும் பிரித்துவிடலாம்.

மார்ச் 6

இலக்கணத் தேர்வுக்குப் படிக்கும் ஒருவருக்காக. ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்பது பிரிட்டிஷ் முறை. ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்பது அமெரிக்க முறை. தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் முதல் முறையையே பின்பற்றுகின்றன, ஆனால் தொலைக்காட்சியின் தயவால் இரண்டாவதும் எல்லோர் வாயிலும் வருகிறது. யாரும் திருத்த மாட்டார்கள். ‘ஜஸ்ட்’ தனியாக வந்தால் துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவே நிற்கும். ‘ஜஸ்ட் நவ்’ வாக்கியத்தின் இறுதியில் நிற்கும், சாதாரண இறந்தகாலத்தோடு வரும்: ‘ஐ ஏட் ஜஸ்ட் நவ்’. ‘ஐ ஹேவ் ஈட்டன் ஜஸ்ட் நவ்’ என்று தேர்வில் எழுத வேண்டாம்.

இரண்டு இறந்தகால நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைக்க ‘ஹாட் ஜஸ்ட்… வென்’ என்ற அமைப்பு மிகவும் உதவும். ‘ஐ ஹாட் ஜஸ்ட் லிட் த லாம்ப் வென் த பவர் வென்ட் ஆஃப்’: விளக்கை ஏற்றியதும் ஏற்றாததுமாக மின்சாரம் போனது. ‘ஏற்றியதும் ஏற்றாததுமாக’ என்ற நம் வழக்கு இருக்கிறதே, அதற்கு இவ்வளவு அருகில் வரும் ஆங்கிலத் தொடர் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

மார்ச் 11

‘ஜஸ்ட் அபவுட்’ என்பதை விட்டுவிட்டேன் என்று சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நான் சொன்ன ‘இடைவெளி இல்லை’ என்ற விதியை மீறுவது போலத் தோன்றுவதால் அது தனியே பார்க்க வேண்டியதுதான். ‘ஐ ஹேவ் ஜஸ்ட் அபவுட் ஃபினிஷ்ட்’ என்றால் ‘கிட்டத்தட்ட முடித்துவிட்டேன்’. ‘கிட்டத்தட்ட’ என்பது அபவுட் தரும் பொருள்; அந்தக் கிட்டத்தட்டவை முடிவை ஒட்டி நெருக்குவது ஜஸ்ட். ஆகவே ‘அபவுட் ஃபினிஷ்ட்’ என்பதைவிட ‘ஜஸ்ட் அபவுட் ஃபினிஷ்ட்’ முடிவுக்கு நெருக்கம். ஆனால் ‘ஐ ஆம் ஜஸ்ட் அபவுட் டு லீவ்’ என்று ‘டு’ சேர்ந்தால், ‘கிளம்பப் போகிற தறுவாயில் இருக்கிறேன்’ என்று பொருள் மாறும். இந்த ஊரில் ‘ஐ ஆம் லீவிங் ஜஸ்ட் நவ்’ என்பவரைவிட ‘ஐ ஆம் ஜஸ்ட் அபவுட் டு லீவ்’ என்பவர் செருப்புக்கு அருகில் இருக்கிறார்.

‘ஜஸ்ட் அஸ் வெல்’ என்பதையும் கேட்டிருந்தார்கள். ‘இட் இஸ் ஜஸ்ட் அஸ் வெல் யூ கேம் ஏர்லி’ என்றால் ‘நீங்கள் முன்னதாக வந்ததும் நல்லதாகப் போயிற்று’. இதில் உள்ள ‘அஸ் வெல்’ என்பதைக் ‘கூட’ என்று மொழிபெயர்த்து ‘நீங்களும் வந்தீர்கள்’ என்று படித்துவிடுகிறார்கள்; தொடரின் முதலில் ‘இட் இஸ்’ இருந்தால் அந்தப் பொருள் வராது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ‘வீ மைட் ஜஸ்ட் அஸ் வெல் வாக்’ என்பது இன்னொன்று: டாக்சி வருவதாகத் தெரியவில்லை, நடந்தே போய்விடலாம், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.